தங்கராசா சுட்ட தாராக்கள்

டுமீல்!

விடிந்தும் விடியாத மார்ச் மாதத்து வெளிச்சத்தில், மெல்பேர்னுக்கு வடக்கே கெராங் பக்கத்துச் சதுப்பு ஏரி அதிர்ந்து அடங்கியது.

வானத்தில் பறந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம்... பறந்துகொண்டேயிருந்தது.

ஒன்றுகூட விழவில்லை.

ஆனால், நாணல் புதருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று 'தொப்'பென்று தண்ணீரில் விழுந்தது!

"விழுந்திட்டுது! ஒரே வெடி... விழுந்திட்டுது! டேய் நிரோஜன், ஓடு! எடுத்துக்கொண்டு வா!"

கத்தியவர் டொக்டர் தங்கராசா.

மருத்துவர் அல்ல. காய்ச்சல் வந்தால் அவரும் டொக்டரிடம்தான் போவார். இணையத்தில் மட்டுமே கட்டிடம் உள்ள ஒரு பல்கலைக்கழகம் கடனட்டை எண்ணை வாங்கிக்கொண்டு அவருடைய அறிவை அங்கீகரித்திருந்தது. மெல்பேர்ன் புறநகர் டண்டினொங்கில் தமிழ்ச் சான்றோர் மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர். தன் பாட்டனார் வெள்ளைக்காரக் கவர்னரோடு வேட்டைக்குப் போனவர் என்று எல்லா மேடையிலும் சொல்வார். போனது உண்மை. கவர்னரின் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

தலைவருக்குப் பச்சைக் கோட்டு. முழங்கால் வரை பூட்ஸ். தொப்பியில் ஒரு இறகு. கோழி இறகு.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த நிரோஜன், முதுகில் சாக்கோடு நாணலை நோக்கி நடந்தான்.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள், சுட்ட வாத்தை எடுத்து வர நாய் வைத்திருந்தார்கள். நாய் என்றால் தடுப்பூசி, பதிவு, மிருக வைத்தியர் என்று ஆயிரம் தொல்லை. அகதியாகப் படகில் வந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கும் நிரோஜனுக்கு ஒரு சோற்றுப் பார்சல் போதும். அவனுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. சட்டத்தை மதிக்கும் மன்றம் ஆகையால், அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. 'உதவி' மட்டும் வாங்கிக்கொண்டது.

"விழுறது என்னவா இருந்தாலும் எடுத்துக்கொண்டு வரவேணும். விளங்குதோ?" இதுதான் தலைவரின் உத்தரவு.

நிரோஜனுக்கு விளங்கியிருந்தது.

நாணலுக்குள் அலசும் சத்தம். பிறகு எதையோ இழுக்கும் சத்தம்.

"என்னடா, பெரிசோ?"

"பெரிசுதான் அங்கிள்..."

"என்ன இனம்?"

"உபதலைவர், அங்கிள்."

நாணல் விலகியது. நிரோஜன் இழுத்து வந்தது சிறியை!

மன்றத்தின் உபதலைவர் சிறி தண்ணீரில் குப்புற மிதந்தார். முதுகு முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளைகள். சிவப்பு நீரைச் சுற்றி இரண்டு வாத்துகள் நிம்மதியாக நீந்திப் போயின.

"ஐயோ! என்ர மனுசன்!"

சிறியின் மனைவி புஸ்பராணி நாணலோரத்துப் பாதையிலிருந்து ஓடி வந்தார். கையில் தேத்தண்ணி பிளாஸ்க். அது நழுவிச் சேற்றில் விழுந்தது.

தங்கராசா துவக்கைத் தரையில் போட்டார். இருபது வருடத் தோழனின் பிணத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை:

"நான் மேலை பாத்துத்தான் சுட்டனான்!"

*

டிடெக்டிவ் முரளிதரன் ஒரு பிளாஸ்டிக் பையை நிரோஜன் முன்னால் மேசைமேல் வைத்தான்.

உள்ளே துப்பாக்கி. பாதித் துப்பாக்கி என்று சொல்லலாம். குழலை யாரோ இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துக் கட்டையாக்கியிருந்தார்கள்.

"இது உன் சாக்குல இருந்துச்சு."

"ஓம், சேர்."

"எப்படி வந்துச்சு?"

"நாணலுக்குள்ள கிடந்தது. எடுத்தனான்."

"துப்பாக்கிய எதுக்குப்பா எடுத்த?"

"விழுந்தது எல்லாத்தையும் எடுக்கச் சொன்னவை."

முரளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். கிண்டலா? இல்லை. அந்த முகத்தில் கிண்டலுக்கு இடமே இல்லை. இடம் முழுவதையும் பயம் எடுத்துக்கொண்டிருந்தது.

முரளி கோயம்புத்தூர்க்காரன். சிறுவனாக மெல்பேர்ன் வந்தவன். "செத்தவர் தமிழ், சந்தேகத்துக்குரியவன் தமிழ், நீயும் தமிழ். உனக்கு எல்லாம் புரியும்" என்று மேலதிகாரி இந்தக் கேஸை அவன் தலையில் கட்டியிருந்தார். முதல் நாள் அவனுக்குப் பாதிதான் புரிந்தது.

"இந்தத் துப்பாக்கி யாரோடது?"

"சிறி அண்ணையின்ர. கட்டைத் துவக்கெண்டால் வெடி அகலமாப் பரவுமாம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் தாரா விழும் எண்டு சொல்லுவார்."

"வாத்து."

"ஓம், தாரா."

முரளி பெருமூச்சு விட்டான். "இங்க பாரு நிரோஜன். வாத்து சுடறதுக்கு ஈயக் குண்டு தடை. ஏரில சேர்ந்தா வாத்துக்கு விஷமாம்."

சுட்டுக் கொல்லப்படும் வாத்தின் உடல்நலத்தில் அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை!

"அதனால அன்னிக்கு ஏரில எல்லாரும் இரும்புக் குண்டுதான் வச்சிருந்தாங்க. உங்க தலைவர் உட்பட. சிறி முதுகுல இருந்தது ஈயம். இந்தக் கட்டைத் துப்பாக்கில இருந்த தோட்டாவும் ஈயம். மேல இருக்கறது உன் கைரேகை மட்டும். புரியுதா?"

"தங்கராசா அங்கிளைக் கேளுங்கோ சேர். அவருக்குத் தெரியும், இது சிறி அண்ணையின்ர எண்டு."

"கேட்டேன். அப்படி ஒரு துப்பாக்கியப் பாத்ததே இல்லேன்னுட்டார்."

நிரோஜன் பைக்குள் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"சிறி அண்ணை அதால என்னைச் சுட்டு விளையாடினவர். என்னில படாது. பக்கத்துத் தண்ணியில சுடுவார். நான் பயந்து துள்ளுவன். 'ஆடடா ஆடு' எண்டு சிரிப்பார்."

முரளி பேனாவைக் கீழே வைத்தான்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத."

"ஏன் சேர்? உண்மை."

"அதான் பிரச்சினை. இப்ப உம்மேல கைரேகை மட்டும்தான் இருக்கு. இதச் சொன்னா, கொல்றதுக்குக் காரணமும் கிடைச்சுடும்."

முரளி ஃபைலைப் புரட்டினான்.

"எங்க ஆளுங்க திங்கக்கிழமை உம்மேல சார்ஜ் போடறதா இருக்காங்க. அன்னிக்கே விசா போயிடும். அகதிகள் காம்ப்ல அடைச்சுடுவாங்க. கேஸ் எப்படி முடிஞ்சாலும் அப்புறம் கொழும்பு ஃப்ளைட்தான். கொழும்புல உம்மேல கேஸ் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லை சேர்." நிரோஜன் நிமிர்ந்து பார்த்தான். "அவையள் கேஸ் போடுறேல்லை. ஆமி அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போகேக்கயும் கேஸ் ஒண்டும் போடேல்லை. இன்னும் தேடுறம்."

*

தங்கராசாவின் வரவேற்பறையில் சுவரெல்லாம் தங்கராசா.

மந்திரியோடு தங்கராசா. மேயரோடு தங்கராசா. ஒரு படத்தில் மேயர் யாரோ ஒருவருக்குக் கைகொடுக்க, இடையில் தங்கராசாவின் தலை.

"இருங்கோ தம்பி, அந்தக் கதிரையில இருங்கோ. முரளிதரன் எண்டோ பேர்? நல்ல பேர். எங்கட ஆக்கள் பொலிசில இருக்கிறது எங்களுக்குப் பெருமை. வாற பொங்கல் விழாவில உங்களுக்கு ஒரு பொன்னாடை போடவேணும்."

"கேஸ் முடியட்டும் அங்கிள். நிரோஜன் எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல பொடியன்! பாவம்!" தங்கராசா குரலைத் தாழ்த்தினார். "ஆனா தம்பி... படகில வந்தது. வன்னியில இருந்தது. அந்தக் கை முந்தி என்னத்தைப் பிடிச்ச கையோ, ஆர் கண்டது? நான் ஒண்டும் சொல்லேல்லை."

எதையும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில் தங்கராசா வல்லவர்.

"சிறிகிட்ட கட்டைத் துப்பாக்கி இருந்துச்சுன்னு சொல்றானே?"

"எங்கட மன்றத்திலயோ? சட்டவிரோதத் துவக்கோ? தம்பி, எங்கட விழாவுக்கு மினிஸ்டர் வாறவர்!"

"மினிஸ்டர் வந்தா துப்பாக்கி இருக்காதா?"

"கட்டைத் துவக்கு, சுடத் தெரியாதவன் வைச்சிருக்கிறது தம்பி. நாங்கள் பரம்பரை வேட்டைக்காரர். நான் நீளத் துவக்குக்காரன். ஒரு தாரா, ஒரு வெடி."

"அன்னிக்கு எத்தனை சுட்டீங்க அங்கிள்?"

தங்கராசா ஒரு நொடி தயங்கினார். ஒரே ஒரு நொடி!

"ரெண்டு."

"ஓ! ஏரியில யாருமே சொல்லலையே?"

"ஃபேஸ்புக்கில பாக்கேல்லையோ நீங்கள்?"

போனை நீட்டினார். தங்கராசா, கோழி இறகுத் தொப்பி, இரண்டு கையிலும் கழுத்துத் தொங்கிய இரண்டு வாத்துகள். கீழே ஒரு வரி: 'ஆருயிர்த் தோழனின் இழப்புக்கு முன் அடியேன் வீழ்த்தியவை.' முந்நூற்றுச் சொச்சம் பேர் விரும்பியிருந்தார்கள். எதை விரும்பினார்கள் என்பது தெளிவாக இல்லை.

படத்தில் அவருக்குப் பின்னால் ஏரி இல்லை. துணி காயப்போடும் கம்பியும், அதில் உலரும் ஒரு லுங்கியும் தெரிந்தன.

"வாத்து இப்ப எங்க?"

"ஃபிரீசருக்க. எட்டுக்குப் படைக்கப் போறம்."

"எட்டா? அப்படின்னா?"

"உங்கட பக்கம் இல்லையோ? செத்து எட்டாம் நாள், செத்தவருக்கு எது விருப்பமோ அதைச் சமைச்சுப் படத்துக்கு முன்னால படைக்கிறது. மச்சம் மாமிசம், குடிவகை எல்லாம். சிறிக்குத் தாராக் கறி எண்டால் உயிர். நான் சுட்ட தாராவாலதான் படைக்கவேணும் எண்டு புஸ்பராணி ஒற்றைக் காலில நிக்கிறா. நீங்களும் வாங்கோ. சனிக்கிழமை. மெயின் ரோட்டில பார்க் பண்ணாதேங்கோ, ஃபைன் போடுவாங்கள்."

போலீஸ்காரனுக்கே எச்சரிக்கை சொல்லி அனுப்பினார்.

*

சனிக்கிழமை, மாலை.

சிறியின் வீட்டுக் கராஜிலிருந்து காரை வெளியே எடுத்துவிட்டுச் சிறியை உள்ளே வைத்திருந்தார்கள். மாலை போட்ட படமாக.

படத்துக்கு முன்னால் வாழையிலை. நண்டுக் குழம்பு. பொரித்த மீன். இறால் வடை. அரைப் போத்தல் சாராயம். பற்றவைத்த ஒரு சிகரெட். உயிரோடு இருந்தபோது டொக்டர் தடுத்த அத்தனையும் இருந்தன. நடுவில், பித்தளைச் சட்டியில், எண்ணெய் மிதக்கும் தாராக் கறி!

மன்றம் திரண்டிருந்தது. துக்கமும் பசியும் சம அளவில்.

தங்கராசா எழுந்தார். ஒலிவாங்கியை யாரும் தரவில்லை. அவரே கொண்டு வந்திருந்தார்.

"சான்றோரே! இந்தத் தாராக்கள் வெறும் தாராக்கள் அல்ல! என் தோழன் இறுதியாகக் கண்ட வானில் பறந்தவை! என் பாட்டனார் கவர்னரோடு..."

"சோறு ஆறுது அண்ணை" என்றார் புஸ்பராணி.

கவர்னர் பாதியில் நின்றுபோனார்.

பந்தி தொடங்கியது. நிரோஜன் தண்ணீர்ச் செம்போடு வரிசையாக வந்தான். அவன் நெருங்கியதும் கிளாஸ்கள் ஒவ்வொன்றாகக் கையால் மூடப்பட்டன. விக்கல் எடுத்த ஒரு அன்ரிகூட விக்கலோடேயே உட்கார்ந்திருந்தார்.

"சார்ஜ் போடப் போறாங்களாம்."

"உதுகளை வீட்டுக்க விட்டதே பிழை."

அவன் காதில் விழும்படிதான் பேசினார்கள். அது அவர்களுடைய நேர்மை.

கடைசியில் முரளி மட்டும் கிளாஸை நீட்டினான்.

"நாளன்னைக்குக் காலைல எத்தனை மணிக்கு வரணும்னு சொன்னாங்களா?" தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஒன்பதுக்கு." கிளாஸில் தண்ணீர் ஊற்றினான். "வேற சேட்டு ஒண்டு கொண்டுவரட்டோ சேர்? உள்ளுக்க வைச்சிருந்தால் மாத்த விடுவினமோ?"

அதற்குள் புஸ்பராணி கரண்டியோடு வந்துவிட்டார். வெள்ளைச் சேலை. அழுது காய்ந்த கண்கள்.

"தம்பிக்கு நெஞ்சுத் துண்டு போடுறன். நல்லாச் சாப்பிடுங்கோ."

"போதும் ஆன்ட்டி."

"இன்னொண்டு."

முரளி கடித்தான்.

பல்லில் ஏதோ தட்டுப்பட்டது!

'போச்சு, கடவாய்ப் பல் போச்சு!' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

போகவில்லை.

பல் உடையவில்லை... கடித்ததுதான் அமுங்கியது!

நாக்கால் துழாவி வெளியே எடுத்தான். மிளகு அளவு. சாம்பல் நிறம். அதன் மேல் அவனுடைய கடவாய்ப் பல்லின் பள்ளம், அச்சு அசலாக. நகத்தால் கீறினான். கீறல் விழுந்தது!

இரும்பாக இருந்தால் இந்நேரம் பல் டாக்டரிடம் ஓடியிருப்பான்.

ஈயம்!

முரளி மிச்சத் துண்டைப் பிய்த்தான். இன்னொன்று. பக்கத்து இலை அங்கிளின் துண்டையும் பிய்த்தான். அவர் முறைத்தார்.

"அங்கிள்!" முரளி எழுந்தான். "தங்கராசா அங்கிள்!"

"என்ன தம்பி, உறைப்போ?"

"இந்த வாத்து நீங்க சுட்டதுதானே?"

"இப்பதானே சொன்னனான்!"

"உங்க நீளத் துப்பாக்கில இருந்தது இரும்புக் குண்டு. நாங்க செக் பண்ணிருக்கோம். இது ஈயம். அன்னிக்கு அந்த ஏரியில ஈயம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கில. சிறியக் கொன்ன கட்டைத் துப்பாக்கில!"

இறால் வடை கடிபடும் சத்தம்கூட நின்றது.

தங்கராசா ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார்.

"அப்ப, இந்த ரெண்டையும் சுட்டவர் கையிலதான் அன்னிக்குக் காலைல அந்தத் துப்பாக்கி இருந்திருக்கு." முரளி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள். நீங்க சுட்டீங்களா? இல்ல வேற யாராச்சும் சுட்டுக் குடுத்தாங்களா? ஒருவேளை... இதோ, இந்தப் பையன் சுட்டானா?"

எல்லாத் தலையும் நிரோஜன் பக்கம் திரும்பியது. அவன் கையிலிருந்த செம்பு சரிந்து தண்ணீர் ஒழுகியது.

ஒரு வார்த்தை. 'ஓம், அவன்தான்' என்ற ஒரே வார்த்தை போதும். தங்கராசா வீட்டுக்குப் போகலாம். நிரோஜன் கொழும்புக்குப் போகலாம்.

தங்கராசா வாயைத் திறந்தார்...

பின் வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"அண்ணை சுட்டதோ? நான் அப்பவே நினைச்சனான்! படத்தில உடுப்புக் கொடி தெரிஞ்சது!"

"பொடியன் சுட்டதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போஸ் குடுத்திருக்கிறார்!"

"பரம்பரை வேட்டைக்காரர்!"

சிரிப்பு பரவியது. கட்டைத் துவக்கின் வெடியைவிட அகலமாக. செத்த வீட்டில்! நாலைந்து போன்கள் உயர்ந்தன. சிவப்புப் பொட்டு மினுங்க, படம் பிடித்தன.

தங்கராசா ஒலிவாங்கியைத் தூக்கினார்.

"நிப்பாட்டுங்கோ!"

ஒலிவாங்கி கீச்சிட்டது.

"ஆர் சொன்னது பொடியன் சுட்டதெண்டு? உந்தப் பொடியனுக்குத் துவக்கு எந்தப் பக்கத்தால வெடிக்கும் எண்டே தெரியாது! அண்டைக்கு முழுக்க என்ர கண்ணுக்கு முன்னால, தண்ணியுக்க நிண்டது! கையில சாக்கைத் தவிர ஒண்டுமில்லை! ரெண்டு தாராவையும் சுட்டது நான்! நான்தான்!"

"எந்தத் துப்பாக்கியால அங்கிள்?"

"எந்தத் துவக்கெண்டால் என்ன! கட்டையோ, நெட்டையோ... சுட்டது இந்தத் தங்கராசா!"

கை தட்டத்தான் ஆள் இல்லை.

முரளி மெல்ல அவர் அருகே போனான். ஒலிவாங்கியை வாங்கி அணைத்தான். பிறகு கைவிலங்கை எடுத்தான்.

"ரொம்பத் தேங்க்ஸ் அங்கிள்."

"பொன்னாடையோ?" என்றார் யாரோ பின்னாலிருந்து.

வாசலைத் தாண்டும்போது முரளி நிரோஜன் முன்னால் நின்றான்.

"திங்கக்கிழமை நீ வர வேண்டாம். சட்டை எதுவும் வேண்டாம். புரியுதா?"

நிரோஜன் தலையாட்டினான். நின்ற இடத்திலேயே அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அழுவது அவனுக்கு எந்த ஊரில் பழகியதோ!

முதல் முறையாக ஒரு அன்ரி அவனைப் பார்த்துக் கிளாஸை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி."

*

கார் டண்டினொங் ரயில் ஸ்டேஷனைத் தாண்டியதுமே பின் சீட்டிலிருந்து விம்மல்.

"தம்பி... நான் சுடேல்லை."

"சிறியவா?"

"சிறியையும் சுடேல்லை... தாராவையும் சுடேல்லை!"

முரளி கண்ணாடியில் பார்த்தான். தொப்பி சரிந்திருந்தது. இறகைக் காணவில்லை.

"எத்தினை வருசமாப் போறன் தம்பி... ஒரு தாரா, ஒரு இறகு, ஒண்டும் என்ர வெடிக்கு விழுந்ததில்லை. அந்த ரெண்டும் சிறி சுட்டது. தன்ர கட்டைத் துவக்கால, வந்த உடனயே சுட்டுப் புஸ்பராணியின்ர ஐஸ் பெட்டிக்குள்ள போட்டிட்டான். நான் அந்தத் துவக்கைத் தொட்டதே இல்லை!"

"அப்ப வாத்து உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"புஸ்பராணி தந்தவ. அடுத்த நாள் வீட்டை கொண்டுவந்து தந்தவ. 'அண்ணை, ஆயுட்காலத் தலைவர் வெறுங்கையோட வந்தார் எண்டு சனம் கதைக்கக் கூடாது. நீங்கள் சுட்டதெண்டு படத்தைப் போடுங்கோ. எட்டுக்கு நான் சமைக்கிறன்' எண்டு. நல்ல மனுசி எண்டு நினைச்சன்..."

முரளி பிரேக்கை அழுத்தினான்.

கார் ஓரமாக நின்றது.

நெஞ்சுத் துண்டு. 'இன்னொண்டு.' குண்டு எடுக்காமல் சமைத்த வாத்து... போலீஸ்காரன் இலையில்!

முரளி திரும்பி உட்கார்ந்தான்.

"அங்கிள். இத அப்படியே ஸ்டேஷன்ல சொல்லுங்க. ரெக்கார்ட் பண்றேன். 'நான் இதுவரைக்கும் ஒரு வாத்துகூடச் சுட்டதில்ல. அன்னிக்கும் சுடல. அடுத்தவர் சுட்டதத் தூக்கிப் போட்டோ எடுத்தேன்'னு கோர்ட்டுல சொல்லுங்க. ஏரியில இருந்த வெள்ளைக்காரங்க நாலு பேர், உங்க வெடிக்கு எதுவும் விழலேன்னு சாட்சி சொல்வாங்க. விட்டுருவாங்க."

தங்கராசாவின் கண்ணில் உயிர் வந்தது.

"உண்மையாவோ?"

"உண்மையா."

"கோட்டில... எல்லாரும் இருப்பினமோ?"

"இருப்பாங்க."

"எங்கட சனம்?"

"பஸ் பிடிச்சு வருவாங்க."

"பேப்பரில வருமோ?"

"படத்தோட வரும். அந்தத் துணிக் கம்பிப் படத்தோட."

தங்கராசா வெளியே பார்த்தார். சிக்னல் சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பானது. அந்த முகத்தில் ஒரு பெரிய போர் நடந்து முடிந்தது. வென்றது யார் என்பது தொப்பியை அவர் நேராக்கிக்கொண்டபோதே தெரிந்துவிட்டது.

"தம்பி."

"சொல்லுங்க."

"கொலைகாரருக்கு ஜெயிலில மரியாதை எப்பிடி?"

"...நல்ல மரியாதைதான்."

"அப்ப காரை எடுங்கோ. ரெண்டு தாராவும் நான்தான் சுட்டனான்."

*

குசினியில் புஸ்பராணி பித்தளைச் சட்டியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சனம் போய்விட்டிருந்தது. கறி தீர்ந்துவிட்டிருந்தது.

நிரோஜன் துடைப்பத்தை வைத்துவிட்டு வாசலில் நின்றான்.

"அக்கா... தங்கராசா அங்கிளுக்குக் கோழியைச் சுடவே கை நடுங்கும். அவர் எப்பிடி..."

"நீ சாப்பிட்டியோ?"

"அக்கா, உண்மையா ஆர் சுட்டது?"

சட்டி தேய்க்கும் கை நிற்கவில்லை.

"நான் தேத்தண்ணி கொண்டுவரேக்க அந்தாள் உன்னைப் பாத்துச் சுட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டது. 'இப்பிடித்தான் உன்னையும் கலியாணம் கட்டின புதிசில ஆட வைச்சனான், ஞாபகமோ' எண்டு என்னைக் கேட்டது. ஞாபகம் இருந்தது. பிறகு துவக்கை என்ர கையில தந்திட்டு, பிடி எண்டு சொல்லிப்போட்டு நாணலுக்க ஒண்டுக்குப் போச்சுது. பிடிச்சன். அந்த நேரம் பாத்துத் தங்கராசா அண்ணையும் வானத்தைச் சுட்டார். ரெண்டு சத்தமும் ஒண்டாப் போச்சுது."

நிரோஜன் திரும்பி, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"உங்களுக்குச் சுடத் தெரியுமோ அக்கா?"

"கட்டைத் துவக்குக்குக் குறி தேவையில்லையடா. கிட்டப் போனால் போதும்." புஸ்பராணி சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்தார். "துவக்கைத் துடைச்சுத் தூர எறிஞ்சன். நீ அதையும் பொறுக்கிக்கொண்டு வந்து நிப்பாய் எண்டு நான் கண்டனே? அதுக்குப் பிறகுதான் எனக்கு இவ்வளவு சமையல்."

"ஐயோ அக்கா!" அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள் பொலிசிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டால்?"

புஸ்பராணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். எட்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

"சேச்சே! தங்கராசா அண்ணை மானஸ்தன்டா... உயிரே போனாலும் உண்மை சொல்லமாட்டார்!"